விருந்துக்கு முன் கணக்கு: குடும்ப விசேஷங்களை நடத்தும் முறை



ஞானஸ்நானம், புதுநன்மை, கலியாணம், புதுமனை புகுதல் என்று நம் வீடுகளில் விசேஷங்கள் வருவதும், பத்துப் பேரோ ஆயிரம் பேரோ வந்து கைநனைத்துப் போவதும் நல்ல காரியமே. கானாவூர்க் கலியாணத்தில் நம் ஆண்டவரே விருந்தாளியாய் இருந்தார். ஆனால் அந்த வீட்டிலும் பந்தி நடக்கும்போதே திராட்சரசம் தீர்ந்துபோயிற்று. ஆகவே, விசேஷத்தை எவ்வாறு முன்கூட்டித் திட்டமிடுவது என்பதே இந்த வாரப் பாடம்.

1. மொய் விருந்து கற்பிக்கும் பாடம்

தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கமும், அடுத்துள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடப்பதை நீங்கள் அறிவீர்கள். கலியாணமோ காதணியோ இல்லாமலே, விருந்துக்காகவே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போடுவார்கள். செலவு குறையப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. வந்தவர்கள் உண்டு முடித்து மொய் எழுதுவார்கள். ஒருவர் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படி அழைப்பார்.

இதில் நன்மை இல்லாமலில்லை. கையெழுத்தும் ஜாமீனும் கேளாமல் மொத்தமாய்ப் பணம் கிடைக்கிறது. அதைக்கொண்டு ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் உண்டு. ஆனால் மொய் நன்கொடையன்று. திருப்பிச் செய்யவேண்டிய கடன். நமக்கு ஆயிரம் எழுதியவர் அழைக்கும்போது அந்த ஆயிரத்தோடு மேலும் கொஞ்சம் சேர்த்து எழுதுவதே முறை. சேர்த்த தொகை அவர்மேல் புதுக் கடனாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் மொய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 லட்சம் அவர் முன்பு மற்றவர்களுக்கு எழுதியது. 6 லட்சம் புது மொய். விருந்துச் செலவு 3 லட்சம். கையில் நிற்பது 7 லட்சம். ஆனால் அதில் 6 லட்சம் பிறருடையது. அவருடைய 4 லட்சத்தில் மிஞ்சியது ஒரு லட்சமே. மற்ற மூன்றும் இலையோடு போயிற்று. கையில் உள்ள ஏழையும் தமதென்று எண்ணிச் செலவழித்தால், அடுத்த ஆடி வரும்போது ஒவ்வொரு பத்திரிகையும் ஒரு கடன் சீட்டாய் வந்து சேரும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தென்னையை நம்பிய குடும்பங்களால் எழுதவேண்டிய மொய்யை எழுத முடியவில்லை. விருந்து வைத்தவர்களுக்கும் வரவு குறைந்தது. 2020-ல் கொள்ளைநோய் வந்து கூட்டம் கூடுவதே நின்றது. வரும் என்று எண்ணிய மொய்யை நம்பிச் செலவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இவை போதும்.

2. நாள் குறித்தல்

நம் டெல்டாவில் வீட்டுக் காரியங்களுக்கு ஆறும் வயலும் நாள் சொல்லும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. குறுவை நடும்போது கையில் காசிராது, ஆளும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, பந்தல் தாங்காது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் வந்து சேரும் தை, மாசிதான் வசதியான காலம். ஆனால் விபூதிப் புதன் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் இடையில் வந்துவிடுகிறது. தவக்காலத்தில் ஆடம்பர விருந்து தகாது. ஆகையால் அறுவடைக்கும் தவக்காலத்துக்கும் இடையே உள்ள நாட்கள் சில ஆண்டுகளில் மிகக் குறைவு. பணம் வந்து சேராவிட்டால் கடன் வாங்கி அவசரப்படாமல், பாஸ்குத் திருநாளுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா; வெளியூர் உறவினருக்குப் பஸ்ஸில் இடம் கிடைப்பது கடினம்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் பங்குச் சுவாமியாரைப் பாருங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவும், ஞானஸ்நானச் சான்று வாங்கவும், திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போகவும் நாள் வேண்டும்.

3. எத்தனை பேர்?

செலவைத் தீர்மானிப்பது தலைக்கணக்கே. குடும்பத்தார் கூடி உட்கார்ந்து, பெயர் பெயராய் எழுதுங்கள். “சுமார் ஐந்நூறு” என்று வாயால் சொல்லாதீர்கள். இலைச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசிக்கு ஏழெட்டுப் பேர் என்று கொண்டால், 300 பேருக்கு ஏறக்குறைய 40 கிலோ. சமையற்காரரிடம் பெயர்ப் பட்டியலைக் காட்டிப் பேசினால் வீண் குறையும். முதல் பந்தி முடிந்ததும் வந்தவர்களை எண்ணிப் பார்த்து, அடுத்த உலை வைக்கச் சொல்லுங்கள். எஞ்சிய சோற்றை யாருக்குக் கொடுப்பது என்பதையும் முந்தின நாளே பேசி வையுங்கள்.

4. பணம்

கையிலிருக்கும் தொகையை முதலில் எழுதி, அதற்குள் விருந்தை அடக்குங்கள். மொய்யை வரவில் சேர்க்கவேண்டாம். வந்த மொய்யில் புதிதையும் பழையதையும் அன்றிரவே பிரித்தெழுதி, திருப்ப வேண்டியதைத் தனியே வங்கியில் போட்டு வையுங்கள். மொய் நோட்டு எங்கே இருக்கிறது என்பது வீட்டுத் தலைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். குடும்பத் தலைவர் திடீரென்று இறந்துபோனால், யாருக்கு எவ்வளவு எழுதவேண்டும் என்றறியாமல் தவிப்பது அவர்களே.

மொய் எழுத வழியில்லாததால் வெட்கப்பட்டு விருந்துக்கு வராமலிருக்கும் ஏழை உறவினரை மறவாதீர்கள். நேரில் போய், “அண்ணே, நீங்க வந்தாலே போதும், மேசைப் பக்கம் போகவேண்டாம்” என்று சொல்லி அழையுங்கள். அவர் வந்து உண்டால்தான் நம் விருந்து விருந்தாகும்.

வீட்டில் கலந்து பேச:
1. நம் வீட்டு மொய் நோட்டில் நாம் திருப்பவேண்டியது எவ்வளவு?
2. அடுத்த விசேஷத்தை மொய் ஒரு ரூபாயும் வராது என்று வைத்துக்கொண்டு நடத்த முடியுமா?
3. போன முறை நாம் அழைக்கத் தவறியது யாரை?