காட்டுக் குதிரையும் கூட்டு வட்டியும்

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி நடத்தும்போது வங்கிக் கணக்கையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் காட்டுக் குதிரைகளை வைத்தும் தொடங்கலாம்.

அந்நாட்டின் மேற்கு மாநிலப் பொது நிலங்களில் திரியும் குதிரைகளை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. வேட்டையாடும் விலங்குகள் குறைவு என்பதால் ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம் வரை அவை பெருகுகின்றன. புல்லும் நீரும் அப்படிப் பெருகுவதில்லை. எனவே அரசு ஹெலிகாப்டரால் விரட்டிப் பிடித்துப் பட்டியில் அடைக்கிறது. நலமான குதிரைகளைக் கொல்ல நாடாளுமன்றம் நிதி தருவதில்லை, தத்தெடுப்போரும் போதவில்லை. மீதமுள்ளவற்றுக்கு ஆயுள் முழுதும் அரசுதான் தீவனம் போட வேண்டும். 2023-இல் இதற்கு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் செலவானது. அது திட்டச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு.

இனிக் கரும்பலகைக்கு வருவோம். அசல் 100 குதிரைகள், வீதம் 20 சதவீதம் என்றால் 120, 144, 173, 207, 249. நான்காம் ஆண்டிலேயே இரட்டிப்பு! கருத்தடை ஊசியால் வீதம் 10 ஆகக் குறைந்தால், ஐந்தாம் ஆண்டில் 161 மட்டுமே. வேறுபாடு 88 குதிரைகள். அவற்றின் ஆயுள்காலத் தீவனச் செலவுதான் ஊசியால் மிச்சமாகும் பணம்.

பன்றியின் கருமுட்டை உறையிலிருந்து எடுக்கும் புரதமே அந்த ஊசி. பெண்குதிரையின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, விந்தணு கருமுட்டையில் சேராமல் தடுக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் இங்கே கைகொடுக்கலாம்.

"அப்படியானால் எல்லாக் குதிரைக்கும் போட வேண்டியதுதானே?" என்று மாணவர் கேட்பர். கேட்க வேண்டும். மருந்து விலை பெரிதல்ல. குதிரையை நெருங்குவதுதான் செலவு. மேரிலாந்து கடலோரத்தின் அசட்டீக் தீவில் குதிரைகள் மனிதருக்குப் பழகியவை. 1994 முதல் அங்கே தொலைவிலிருந்தே துப்பாக்கியால் ஊசி எய்து மந்தையைக் குறைத்திருக்கிறார்கள். நெவாடாவின் வறண்ட பரப்பில் குதிரை ஆளைக் கண்டால் ஓடிவிடும். பிடித்துத்தான் போட வேண்டும். இவ்வகை ஊசியின் பலன் பெரும்பாலும் ஓராண்டுதான் என்பதால் மறுபடியும் பிடிக்க வேண்டும்.

அசட்டீக்கில் இன்னொன்றும் தெரியவந்தது. குட்டி ஈனும் சுமை இல்லாத பெண்குதிரைகள் கூடுதல் ஆண்டுகள் வாழ்ந்தன. பிறப்பு குறைந்தும் மந்தை மெதுவாகவே சுருங்கியது. எனவே கணக்கில் பிறப்பு வீதம், இறப்பு வீதம் இரண்டையும் தனித்தனியே எழுதி, மாணவர்களையே மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.