பாலிஷ் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

போன தீபாவளி லீவில் தாத்தாவின் பழைய சாவி கொடுக்கிற வாட்சை ஒரு கடையில் கொடுத்தேன். "ஓடவும் வைங்க, பளபளன்னு ஆக்கியும் குடுங்க"ன்னு கேட்டது நான்தான். ரெண்டு நாளில் வாட்ச் ஓடியது. ஆனால் பட்டை மாட்டுகிற நாலு கால்களின் (இதுக்கு 'லக்'னு பேர்) முனையிலும் வெள்ளை போய் மஞ்சள் தெரிந்தது. உள்ளே இருந்த பித்தளை! கூர்மையாக இருந்த விளிம்புகள் கரைந்த சோப்பு மாதிரி ஆகியிருந்தன. ஏன் இப்படி ஆச்சுன்னு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கீறல் எங்கே போகிறது?

பாலிஷ் கீறலை மூடுவதில்லை. கீறல் ஒரு பள்ளம். அதை நிரப்ப முடியாது. அதனால் சுற்றியுள்ள மேட்டை எல்லாம் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் இறக்குகிறோம். கீறல் 20 மைக்ரான் ஆழம் என்றால், சுற்றியிருக்கும் பரப்பிலும் 20 மைக்ரான் உலோகம் போகணும். ஒரு தடவை என்றால் கண்ணுக்குத் தெரியாது. சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் செய்தால் கேஸின் வடிவமே மாறிவிடும்.

விளிம்பு ஏன் முதலில் போகிறது?

1927-ல் பிரெஸ்டன் என்பவர் கண்ணாடி மெருகேற்றுவதைப் பற்றி எழுதிய சமன்பாடு இன்றைக்கும் பயன்படுகிறது:

தேயும் வேகம் = மாறிலி × அழுத்தம் × உரசும் வேகம்

பஃப் வீல் என்பது வேகமாகச் சுற்றும் மெத்தென்ற துணிச் சக்கரம். சமமான பரப்பில் வைத்தால் விசை பரவிவிடும். விளிம்பில் வைத்தால் தொடும் பரப்பு மிகச் சிறியது, அதனால் அழுத்தம் ஏறும். மேலே உள்ள சமன்பாட்டின்படி அங்கேதான் வேகமாகத் தேயும். போதாக்குறைக்கு, துணி விளிம்பைச் சுற்றி வளைந்து உருட்டியும் விடும்.

என் தாத்தா வாட்சின் கதை இன்னும் மோசம். அது முழு ஸ்டீல் இல்லை, பித்தளை மேல் குரோம் பூசியது. இந்த மாதிரிப் பூச்சில் குரோம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதற்குக் கீழே கொஞ்சம் நிக்கல், அவ்வளவுதான்.

விளிம்புக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

1967-ல் வந்த கிராண்ட் சீக்கோ 44ஜிஎஸ் இதற்கு நல்ல உதாரணம். சீக்கோவின் வடிவமைப்பாளர் தாரோ தனாகாவின் எண்ணம் எளிமையானது: பரப்புகள் தட்டையாக இருக்கணும், கண்ணாடி போல இருக்கணும், ரெண்டு பரப்பு சந்திக்கும் கோடு கத்தி மாதிரி இருக்கணும். ஒளியும் நிழலும் அந்தக் கோட்டில்தான் பிரியும். இதற்கு அவர்கள் பயன்படுத்தும் 'ஸராட்சு' முறையில் துணிச் சக்கரம் கிடையாது. சுற்றும் கெட்டியான தட்டின் சமமான முகத்தில் கேஸைக் கையால் பிடித்து அழுத்துவார்கள். தட்டு வளையாது, அதனால் விளிம்பும் உருளாது. இப்படிச் செய்த கேஸைப் பஃப் வீலில் காட்டினால் அந்த வடிவமைப்பே போய்விடும்.

நிலவுப் பயணத்தால் புகழ்பெற்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டரும் அப்படித்தான். வளைந்து முறுக்கிய லக் மேல் ஒரு பளபளப்பான பட்டை ஓடும், பக்கவாட்டில் மங்கலான கோட்டு வேலை இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் உள்ள கோடுதான் முதலில் அழியும். பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் விலை பேசுவதற்கு முன் அந்தக் கோட்டைத் தேடுவது இதனால்தான்.

நீங்களே பார்க்கலாம்

1. டியூப்லைட் வெளிச்சம் கேஸில் விழும்படி பிடியுங்க. தட்டையாக இருக்க வேண்டிய பரப்பில் கோடு ஓரத்தில் வளைந்தால், அது உருண்டிருக்கிறது.
2. நாலு லக்கும் ஒரே அகலமா? ஒன்று மட்டும் ஒல்லியா?
3. லக்கில் வெளிப்பக்க ஓட்டை இருந்தால் அதன் வாய் கூர்மையா, புனல் மாதிரி விரிந்திருக்கா?
4. பின்மூடியில் எழுத்து ஆழமா, மங்கலா?
5. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று மட்டும் எழுதியிருந்தால் உஷார். மூடி மட்டும்தான் ஸ்டீல், கேஸ் பெரும்பாலும் பூச்சுதான்.

பாலிஷே பாவம் என்று சொல்லவில்லை. தேய்ந்த லக் மேல் லேசர் வெல்டிங்கால் உலோகம் சேர்த்து, தட்டையான தட்டில் தேய்த்து, பழைய கோட்டைத் திரும்பக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். செலவு அதிகம், அதுவும் பூச்சு இல்லாத முழு உலோகக் கேஸுக்குத்தான். பூச்சுக்கு வழி மறுபடி பூசுவது மட்டும்தான்.

தாத்தா வாட்சில் ஆறு மணிப் பக்கம் ஒரு கீறல் இருந்தது. கிணற்று மோட்டார் கழற்றும்போது விழுந்ததுன்னு பாட்டி சொல்வாங்க. பாலிஷ் போட்டு வந்த வாட்சை வாங்கிப் பார்த்துவிட்டு அவங்க கேட்டது ஒண்ணுதான்: "அந்தக் கோடு எங்கடா?"

அடுத்த லீவில் வீட்டு பீரோவில் இருக்கிற வாட்சை சர்வீஸுக்குக் கொடுத்தால், மறக்காமல் ரெண்டு வார்த்தை சொல்லுங்க: "பாலிஷ் வேணாம்." சொல்லாவிட்டால் நல்ல மனசோடு போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.