இரு மொழி பயிலும் இல்லம்

புதுச்சேரி நகரின் கிழக்கே கடல் உள்ளது. கடலை அடுத்துப் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியும், அதற்கு மேற்கே ஒரு வாய்க்காலும், வாய்க்காலுக்கு அப்பால் தமிழர் குடியிருந்த பகுதியும் அமைந்துள்ளன. வீதி முனைகளில் நீல நிறப் பெயர்ப்பலகைகளைக் காணலாம். அவற்றுள் பலவற்றில் ஒரே பெயர் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கும். தாத்தாவின் விரலைப் பற்றிக்கொண்டு கடற்கரைக்குச் செல்லும் குழந்தைக்கு அப்பலகைகளே முதற்புத்தகம். ‘ரூ’ என்னும் பிரெஞ்சுச் சொல் பெயருக்கு முன்னே நிற்கிறது. அதே பொருளுடைய ‘வீதி’ என்னும் தமிழ்ச் சொல் பெயருக்குப் பின்னே நிற்கிறது. “ஏன் தாத்தா இப்படி?” என்று குழந்தை வினவுகிறது. “ஒவ்வொரு மொழிக்கும் ஒரு நடை உண்டு, கண்ணே!” என்கிறார் தாத்தா. இரு மொழிக் கல்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் குடியேறினர். இடையிடையே பிறர் கைக்கு மாறினும், 1954 நவம்பர் 1ஆம் நாள் வரை இந்நகர் பெரும்பாலும் அவர்தம் ஆட்சியிலேயே இருந்தது. அலுவலகத்தில் பிரெஞ்சும், வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழும் வழங்கின. இரு சாராரிடையே நின்று அலுவல் முடித்துத் தந்தவரைத் ‘துபாஷி’ என்று அழைத்தனர். இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். அவருள் தலைசிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். பிற்காலத்தில், 1891இல் இந்நகரிற் பிறந்த பாரதிதாசனும் பிரெஞ்சு ஆட்சியிலேயே பயின்று, தமிழாசிரியராகப் பணியாற்றித் தமிழ்க் கவிஞராக உயர்ந்தார். அயல்மொழி சூழ்ந்த நகரில் வாழ்ந்தும் இவர்கள் தாய்மொழி எழுத்தைக் கைவிடவில்லை.

‘சிறு குழந்தைக்கு இரு மொழி எழுத்துகளைக் கற்பித்தால் அறிவு குழம்பிவிடாதா?’ என்று சிலர் அஞ்சுவர். இரு மொழி வழங்கும் இல்லத்தில் வளரும் குழந்தை ஒரே தொடரில் இரு மொழிச் சொற்களையும் கலந்து பேசுவதுண்டு. அதைக் குழப்பமென்று கருதுதல் தவறு. தனக்குத் தெரிந்த சொல்லைக் கொண்டு குழந்தை தன் கருத்தை நிறைவு செய்கிறது. அதைக் கடிந்துகொள்ள வேண்டா. பெரியோர் அதே கருத்தை ஒரே மொழியில் திருத்தமாகத் திருப்பிச் சொன்னாற் போதும். குழந்தை தானே திருந்திக்கொள்ளும்.

கற்பிப்பதற்கு முறை உண்டு. முதலிற் செவி பழக வேண்டும். பின்னரே கண் பழக வேண்டும். கதையையும் பாட்டையும் நாள்தோறும் கேட்ட குழந்தைக்கே எழுத்தின் மேல் ஆவல் பிறக்கும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள் உள்ளன. இத்தொகையைக் கண்டு மலைக்க வேண்டா. மெய்யோடு உயிர் சேரும் முறையை அறிந்த குழந்தை, உயிர்மெய் எழுத்துகளைத் தானே இனங்கண்டுகொள்ளும். பிரெஞ்சிலோ எழுத்துகள் 26 மட்டுமே. ஆயினும் ஒலிப்பு முறை எளிதன்று. நீரைக் குறிக்கும் சொல்லை மூன்று உயிரெழுத்துகளால் எழுதி, ‘ஓ’ என்று ஓரொலியாகவே ஒலிப்பர். துய்மா என்னும் ஆளுநரின் பெயர் இறுதியில் ஓர் எழுத்து நிற்கும். வாய் அதனை ஒலிப்பதில்லை. ஆதலின் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கவும், பிரெஞ்சைச் சொல்லின் ஒலியோடு இணைத்துப் படிக்கவும் பழக்குதல் நன்று.

இரு மொழிக்கும் வெவ்வேறு நேரம் ஒதுக்குதல் வேண்டும். காலையில் தந்தை பிரெஞ்சு நூலைப் படித்துக் காட்டலாம். மாலையில் பாட்டி தமிழ் நூலைப் படித்துக் காட்டலாம். வீட்டுப் பொருள்களின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் பயன் தரும். ‘பீரோ’ என்னும் சொல்லையே காண்க. அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே எழுதும் மேசையையும் அலுவலகத்தையும் குறிப்பது, தமிழர் இல்லத்தில் துணி வைக்கும் அலமாரியைக் குறிக்கிறது. இத்தகைய செய்திகள் குழந்தைக்கு விளையாட்டாகவும் பாடமாகவும் அமையும்.

எழுத்து ஒலியைக் குறிக்கிறது, சொற்கள் இடமிருந்து வலமாகச் செல்கின்றன, வரிகளுக்குள் பொருள் இருக்கிறது என்னும் அறிவை ஒரு மொழியிற் பெற்ற குழந்தை, மற்றொரு மொழிக்கு அதனை மீண்டும் கற்க வேண்டுவதில்லை. புதிய வடிவங்களையும் ஒலிகளையும் கற்றாற் போதும். ஒரு மொழியிற் பட்ட உழைப்பு மற்றொன்றுக்கும் உதவுகிறது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. பள்ளி கற்பிக்கும் மொழி தானே வளரும். வீட்டில் மட்டும் வழங்கும் மொழியோ, படிக்கவும் எழுதவும் பழகாவிடின், நாவளவில் நின்றுவிடும். அவ்வாறு வளர்ந்தவர் பாட்டியோடு உரையாடுவர். ஆனால் பாட்டி எழுதிய கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் அவர் மறைவுக்குப்பின் நெடுங்காலம் உலகம் அறியாது கிடந்தது. 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். பின்னர்ச் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் எழுத்தையும் அயல்மொழியையும் ஒருங்கே கற்றவர் இருந்தமையாலன்றோ அச்செல்வம் உலகிற்குக் கிடைத்தது?

தம்பி தங்கையர் உள்ள இல்லங்களில், மூத்த மாணவரே இப்பணியைத் தொடங்கலாம். நாள்தோறும் கால்மணி நேரம் போதும். அக்காள் ஒரு பக்கத்தைப் படிக்க, தம்பி விரலை வைத்து வரியைப் பின்தொடரட்டும். சில திங்களில் அவ்விரல் அக்காளின் குரலுக்கு முன்னே ஓடும். அன்று அச்சிறுவன், தாத்தாவின் உதவியின்றியே, வீதிப் பலகையின் இரு வரிகளையும் படித்துக் காட்டுவான்.