மூன்றாம் நாடாவை எறிவது யார்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். என் முதல் அமானுஷ்யத் திரைக்கதைக்கு ஒன்லைன், அதாவது கதையை ஒரே வரியில் சொல்வது, எழுத ஒரு வருடம் பிடித்தது.

முதலில் எழுதியது இது: ‘காஞ்சிபுரத்தில் ஒரு மர்மத் தறி ஒரு குடும்பத்தையே புரட்டிப்போடுகிறது.’ கதை கேட்ட உதவி இயக்குநர் ஒருவர், “பேய்ப்படம்னு தெரியுது, என்ன படம்னு தெரியலையே” என்றார். நியாயம்தான். மர்மம், சாபம், பயங்கரம் என்ற சொற்கள் எந்தப் பேய்ப்படத்துக்கும் பொருந்தும். அவற்றை முதலில் அடித்துவிடுங்கள்.

அடுத்து, ஆவிக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். ‘ஈரம்’ (2009) படத்தில் ஆவி தண்ணீர் வழியாக வரும். அதே ஆண்டு வந்த ‘யாவரும் நலம்’ படத்தில், ஒரு வீட்டுக்கு மட்டும் தெரிகிற டிவி தொடரில் அந்த வீட்டு வாழ்க்கையே ஓடும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கட்டுப்பாட்டின் ஈர்ப்புக்கு எங்கள் ஊர்ப் பெருமாள் அத்திவரதரையே எடுத்துக்கொள்ளுங்களேன். 40 ஆண்டுகள் அனந்தசரஸ் குளத்துக்குள், 48 நாள் வெளியே. 2019இல் ஊர் தாங்காத கூட்டம் வந்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

என் கதைக்கான கட்டுப்பாடு தறியிலேயே இருந்தது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். அதனால் ஊடுநூலை ஏந்தி மூன்று நாடா ஓடும், உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. நெய்பவருக்கு இரண்டு கைதான். ஒரு பக்கக் கரை நாடாவைத் திருப்பி எறிய இன்னொரு ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் சிறுபிள்ளைதான். அப்பா பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் சொக்கும், ஆனால் நாடா வந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் ஆளே இல்லாமல் நாடா திரும்பி வந்தால்?

இரண்டாவதாக எழுதினேன்: ‘தனியாக நெய்யும் நெசவாளிக்கு, செத்துப்போன தங்கை இரவில் மூன்றாம் நாடாவை எறிகிறாள், பாவு தீர்ந்தால் போய்விடுவாள்.’ பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல்.

நாடாவுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கை நிற்கவில்லை. “ஏண்டா, அந்தப் பொண்ணுக்கு என்ன கிடைச்சுது? கல்யாணத்துக்கு முன்னாடி பூவாடைக்காரிக்குச் சேலை வச்சுக் கும்பிடுறோமே, அவளுக்கு யார் நெய்யறா?” என்றாள். குடும்பத்தில் இறந்துபோய், தெய்வமாகக் கும்பிடப்படும் பெண்தான் பூவாடைக்காரி.

அதுவரை என் வரியில் ஆவி இருந்தது, அதற்கு ஒரு விதி இருந்தது, உயிரோடு இருப்பவன் முடிவெடுக்க வேண்டிய இடம் மட்டும் இல்லை. பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தை நினைத்துப் பாருங்கள். மகளுக்குப் பட்டு கட்டி அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, அதற்காகத் தான் நெய்யும் பட்டிலேயே திருட வேண்டியிருக்கிறது. பேயே இல்லை, ஆனாலும் நெஞ்சை அடைக்கிறது.

அன்று ராத்திரியே மாற்றினேன்: ‘சிறுவயதில் இறந்த தங்கை, தனியாக நெய்யும் அண்ணனுக்கு இரவில் மூன்றாம் நாடாவை எறிகிறாள், மிச்சமிருப்பது ஒரே சேலைக்கான பாவு. அது மகளின் முகூர்த்தத்துக்கா, தங்கையின் படையலுக்கா?’

பெயர், ஊர், ஆண்டு எதுவும் அதில் இல்லை. அவை திரைக்கதையில் வந்துகொள்ளும்.

நீங்களும் உங்கள் வரியை வீட்டில் வேலையாக இருக்கும் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.