மண்ணெண்ணெய் விலையும் நீர் இறைத்தலும்

வாய்க்கால் நீர் பாயும் வயலுக்கு எண்ணெய் தேவையில்லை. சவளக்கடை போன்ற இடங்களில் கிணற்றை நம்பிய மரக்கறித் தோட்டத்தின் நிலை வேறு. நெடுங்காலம் மானிய விலையில் விற்கப்பட்ட மண்ணெண்ணெய், 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. 2023 இல் எரிபொருட் சில்லறை வியாபாரம் வேறு வெளிநாட்டுக் கம்பனிகளுக்கும் திறந்துவிடப்பட்டது.

மலிவான எண்ணெய் விரயத்தை மறைத்தது. விலையேற்றம் அதனை வெளிக்காட்டியது. எனினும் விலை மாத்திரம் சிக்கனத்தைக் கற்பிக்காது. கைப்பணமில்லாத கமக்காரர் பம்பியைத் திருத்துமுன் பயிரையே கைவிட நேரும்.

ஆதலின் செலவில்லாத திருத்தங்களை முதலிற் செய்தல் வேண்டும். பம்பியை நீர்மட்டத்துக்கு இயன்றளவு அண்மையில் வைத்தல் நன்று. 25 அடிக்கு மேல் உறிஞ்சுதல் அரிது. ஒடுங்கிய குழாய் பெருங்கேடு: விட்டம் பாதியானால், அதேயளவு நீருக்கு உராய்வு ஏறத்தாழ 30 மடங்காகும். வைக்கோல் மூடாக்கும் மாலை நீர்ப்பாய்ச்சலும் ஆவியாதலைக் குறைக்கும். மிச்சமாகும் ஒவ்வொரு லீற்றரும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ காபனீரொட்சைட்டைத் தவிர்க்கும்.

சூரியசக்திப் பம்பிக்கு எண்ணெய்ச் செலவில்லை. அதனாலேயே அளவின்றி இறைத்தால், கரையோரக் கிணறுகளில் உவர் ஏறும்.