மேல்வீட்டுத் தண்ணீர்

அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டின் தரையே மற்றொரு வீட்டின் கூரை. அதனால், மேல்மாடியில் நேரும் சிறு கவனக்குறைவுகூடக் கீழ்மாடியில் வசிப்போரைப் பாதிக்கலாம். சிங்கப்பூரில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்வதால், இதை அறிந்திருப்பது அவசியம்.

ஒரு குடும்பம் வாடகை வீட்டில் வசிப்பதாகக் கொள்வோம். மேல்வீட்டில் இருப்பவர்களும் வாடகைக்கு வந்தவர்களே. ஒருநாள் அவர்கள் சலவை இயந்திரத்தின் குழாயைச் சரியாகப் பொருத்தாமல் வெளியே சென்றுவிடுகின்றனர். கீழ்வீட்டுச் சமையலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சாயம் உப்பி உரிகிறது. மேசைமேல் இருந்த பள்ளிப் புத்தகங்கள் நனைகின்றன. "வீட்டைக் காலி செய்யும்போது, இதைக் காட்டி நம் வைப்புத்தொகையைப் பிடித்துக்கொள்வார்களோ?" என்ற அச்சம் அக்குடும்பத்தினருக்கு எழுகிறது.

இத்தகைய வேளையில் முதலில் கருத வேண்டியது பாதுகாப்பு. தண்ணீர் மின்விளக்கை நெருங்கினால், உலர்ந்த இடத்தில் உள்ள மின்விசையை உடனே அணைக்க வேண்டும். பின்னர், சேதத்தைத் தேதியுடன் படம் எடுத்து, வீட்டு உரிமையாளருக்குக் குறுஞ்செய்தியில் தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது மறந்துபோகலாம். எழுத்தில் சொன்னது சான்றாக நிற்கும். தாமதமாகச் சொன்னால், சேதம் பெருகியதற்கு வாடகைதாரரே காரணம் என்ற பழி வரக்கூடும்.

அடுத்து, எது யாருடைய பொருள் என்பதைப் பிரித்தறிய வேண்டும். கூரையும் சமையலறை அலமாரியும் உரிமையாளருக்குச் சொந்தமானவை. நனைந்த புத்தகங்கள் வாடகைதாரருக்கு உரியவை. ஆகவே, இழப்பீடு கேட்பதிலும் இருவருக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பதும் நல்லது.

கசிவின் காரணத்தையும் அறிய வேண்டும். சில நேரங்களில் யாருடைய கவனக்குறைவும் இன்றி, கட்டடம் பழமையடைவதால் குளியலறைத் தரை வழியாக நீர் கசியும். அத்தகைய கசிவைப் பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீடு, கீழ்வீடு ஆகிய இரண்டின் உரிமையாளர்களுக்கும் உண்டு. கழகத்தின் உதவித் திட்டத்தின்கீழ், தகுதிபெறும் வீடுகளுக்குச் செலவில் பாதியைக் கழகமே ஏற்கிறது. மீதியை இரு உரிமையாளர்களும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றனர்.

மேல்வீட்டாரிடம் எப்படிப் பேசுவது? தங்கள் வீட்டுத் தண்ணீர் கீழே சொட்டுவது அவர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். எனவே, குற்றம் சாட்டாமல், படத்தைக் காட்டி நடந்ததைச் சொல்வதே முறை. பேசியும் தீராவிட்டால், 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சமூகச் சமரச நிலையத்தை நாடலாம். அங்கே பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இரு தரப்பினரையும் அமரவைத்துப் பேசச் செய்கின்றனர்.

அதுவும் பலனளிக்காவிட்டால், சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்தை அணுகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தம் தொடர்பான வழக்குகளும் அவற்றுள் அடங்கும். அங்கு வழக்கறிஞர் வாதாடுவதில்லை. அவரவர் தரப்பை அவரவரே எடுத்துரைக்க வேண்டும். முன்பே சேர்த்துவைத்த படங்களும் செய்திகளும் அப்போது கைகொடுக்கும்.

வழக்கில் வென்றாலும், மறுநாள் அதே மின்தூக்கியில் அதே அண்டைவீட்டாரைச் சந்திக்கத்தான் வேண்டும். ஆகையால், உரிமையை விட்டுக்கொடுக்காமலும் உறவை முறித்துக்கொள்ளாமலும் சிக்கலைத் தீர்ப்பதே சிறந்த வழி.