காவிரி சேரும் கடலில் ஒலியின் வழி



கடற்கரை இல்லாத தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கடலொலியைக் கற்க விரும்புவோர், ஒகேனக்கல்லைக் கடந்து ஓடும் காவிரி பூம்புகாரில் கலக்கும் வங்கக் கடலிலிருந்தே தொடங்கலாம். ஆற்றுநீர் ஒலியின் போக்கையே மாற்றிவிடும் கடல் அது.

காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. வெப்பம், உப்பு, அழுத்தம் ஆகிய மூன்றில் எது கூடினாலும் வேகமும் கூடும். வேகம் குறைந்த நீர் எப்பக்கம் உள்ளதோ அப்பக்கமே ஒலி வளையும். இதற்கு ஒலிவிலகல் என்று பெயர். வெப்பமண்டலக் கடல்களில் பெரும்பாலும் மேல்நீர் சூடாக இருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைகிறது. வங்கக் கடலின் வடபகுதியிலோ, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் உவர்நீரின்மேல் படலமாகப் பரவி, பனிக்காலத்தில் அடிநீரைவிடக் குளிர்ந்துவிடுகிறது. உப்புக் குறைவால் அடர்த்தியும் குறைந்திருப்பதால், குளிர்ந்த பின்னும் அது மூழ்குவதில்லை. அப்போது மேற்பரப்பருகே எழும் உயர் அதிர்வெண் ஒலி மேல்நோக்கி வளைந்து, பரப்பில் பட்டுத் திரும்பி, மறுபடியும் மேலே வளைந்து, அந்த மெல்லிய அடுக்குக்குள்ளேயே நெடுந்தொலைவு செல்ல, அதன் கீழே ஒலி எட்டாத நிழற்பகுதி உருவாகிறது. அந்நிழலில் நிற்கும் நீர்மூழ்கியை, மேலே செல்லும் கப்பலின் சோனார் என்னும் ஒலிக்கருவி கண்டறிவது அரிது.

இவ்வடுக்கு மாறிக்கொண்டே இருப்பதால் கப்பல் ஒருமுறை சென்று அளந்துவருவது போதாது. அங்கேதான் கிளைடர் என்னும் சிறு நீரடி ஊர்தியின் அருமை தெரிகிறது. அதற்குச் சுழலி தேவையில்லை; உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்புறப் பைக்குள் தள்ளினால் பருமன் கூடி மேலெழுகிறது, உள்ளிழுத்தால் மூழ்குகிறது, இரு இறக்கைகள் அவ்வேற்ற இறக்கத்தை முன்னோக்கிய நகர்வாக்குகின்றன. நொடிக்குக் கால் மீட்டர் அளவிலான வேகத்தில் 1000 மீட்டர் ஆழம்வரை இறங்கியேறி, வெப்பத்தையும் உப்பையும் வாரக்கணக்கில் அளந்து, மேலே வரும்போதெல்லாம் செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. இரைச்சல் மிகக் குறைவு என்பதால், ஹைட்ரோபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கியைப் பொருத்தினால், தொலைவில் எழுப்பிய ஒலி எவ்வளவு தேய்ந்து வந்து சேர்கிறது என்பதையும் அதுவே பதிவுசெய்யும். நீருக்கடியில் ஜி.பி.எஸ். எட்டாமையால், அளந்த இடத்தைத் துல்லியமாகக் குறிப்பதே இதில் கடினமான பகுதி.

2016 ஜூன், ஜூலை மாதங்களில் இந்தியாவும் பிரிட்டனும் இணைந்து நடத்திய 'பாபிள்' ஆய்வில், 'சிந்து சாதனா' கப்பலுடன் ஐந்து கிளைடர்கள் வங்கக் கடலின் தென்பகுதியில் இயங்கின. பருவமழையை அறிவதே அதன் நோக்கமாயினும், அவை அளந்த வெப்பமும் உப்பும் ஒலிவேகத்தைக் கணக்கிடவும் உதவும்.

ஆர்கோ எனப்படும் தானியங்கி மிதவைகள் திரட்டும் இதே வகை அளவுகளை ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் இலவசமாகத் தருகிறது. வங்கக் கடலின் ஓரிடத்துக்குரிய அளவுகளை எடுத்து, ஆழத்துக்கேற்ப ஒலிவேகத்தைக் கணக்கிட்டு, வரைபடத்தாளில் வரைந்து பார்க்கலாம்.